தக்காளிக்கு ஊன்றுகோல், பீரோவுக்குள் ஒரு கிழிசல்

கேள்வி: தக்காளிச் செடிக்கென்றே இரும்புக் கம்பிக் கூண்டு விற்கிறார்களே, வாங்கலாமா? (வாசகி, டி. கல்லுப்பட்டி)

பதில்: கல்லுப்பட்டியில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே! லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டுக் காந்தியிடம் வந்து சேர்ந்த ஜே.சி. குமரப்பா, கடைசி ஆண்டுகளைக் கழித்தது உங்களூர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். அவர் இயற்கை வளத்தை இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, இரும்பு, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கக் குறைவது ஒன்று. மரம், பயிர் போல வெட்டினாலும் மறுபடி வளர்வது இன்னொன்று. முதலாவதை விரயம் செய்யாதே, இரண்டாவதை வைத்துப் பிழைக்கப் பார் என்பது அவர் போட்ட கணக்கு. தக்காளிக் கூண்டு அவர் காலத்துப் பிரச்சினை இல்லை. ஆனாலும் கணக்கு அதற்கும் ஒத்துவருகிறது. நாலைந்து மாதம் வாழப்போகிற செடிக்கு, பூமியைத் தோண்டி உலையில் உருக்கிய கம்பி எதற்கு? உங்களூரைச் சுற்றியுள்ள கரிசலில் பருத்தி எடுத்து முடிந்ததும் பருத்திமார் கட்டுக் கட்டாக அடுப்புக்குப் போகிறது. அதில் நாலு குச்சியை உருவினால் அடுப்பு ஒன்றும் அணைந்துவிடாது.

முதலில், ஊன்றுகோலைக் கேட்பது செடியா, நாமா? பாகலுக்குப் பற்றுக்கம்பி உண்டு, அவரை சுற்றிக்கொண்டு ஏறும். தக்காளிக்கு இரண்டும் கிடையாது. தண்டின் அடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள், சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும். அவை வேர் முளைகள். தண்டு சாய்ந்து மண்ணில் பட்டால் பட்ட இடத்தில் வேர் விடும். தரையில் படுத்துக்கிடப்பது அதற்குச் சுகம்தான். நமக்குத்தான் நஷ்டம். ஈர மண்ணில் கிடக்கும் காய் அழுகும். மழைத்துளி மண்ணை வாரி அடியிலைகளில் அடித்தால், அதோடு பூஞ்சாணமும் ஏறி இலை கருகும். ஆக, செடியைத் தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி தூக்கிப் பிடித்தால் வேலை முடிந்தது. இதற்குக் கோட்டைச் சுவர் வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கம் தோட்டத்தில் யாரும் குச்சி ஊன்றுவதில்லையே, அவர்களுக்கு மட்டும் காய்க்கவில்லையா? (இன்னொரு வாசகர்)

பதில்: காய்க்கிறது. அவர்கள் போடும் ரகம் அப்படி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து சடுதிமாற்றம் மூலம் உருவாக்கிய பி.கே.எம். 1 போன்றவை குத்துச்செடிகள். ஓர் உயரத்துக்கு மேல் வளராமல் நின்றுகொள்ளும். ஏக்கர் கணக்கில் போடுகிறவர் பத்துக் காய் அழுகினால் கண்டுகொள்ள மாட்டார். தொட்டியில் இரண்டே செடி வைத்திருப்பவருக்குப் பத்துக் காய் என்பது ஒரு வாரக் குழம்பு. அதிலும் ஐப்பசி மழையில் காய் பிடித்த கிளை மண்ணில் புதைந்தால் குத்துச்செடியும் தப்பாது. ஆகவே அதற்கு முழங்கால் உயரத்தில் நாலு பருத்திமார், சுற்றி ஒரு கயிறு, அவ்வளவுதான். பக்கக்கிளையை மட்டும் கிள்ளாதீர்கள். குத்துச்செடிக்குக் காய்ப்பே அந்தக் கிளைகளில்தான். செர்ரித் தக்காளி மாதிரி ஓயாமல் ஏறுகிற ரகமென்றால் என் பருத்திமார் தோற்றுவிடும், ஒப்புக்கொள்கிறேன். அங்கே துணி காயப்போடும் கொடியிலிருந்து ஒரு சணல் கயிற்றைத் தொங்கவிட்டு, தண்டை அதில் சுற்றி ஏற்றுங்கள். அப்போதும் இரும்புக்கு வேலையில்லை.

கேள்வி: இரும்பு பத்து வருஷம் வருமே? மாரில் பூச்சி இருக்காதா? (அதே வாசகி, விடுவதாக இல்லை)

பதில்: பத்து வருஷம் வரும், அதில் பாதிநாள் மாடிப்படிக்கு அடியில் சேலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கும். ஏற்கெனவே கூண்டு வைத்திருப்பவர் தூக்கியெறிய வேண்டாம், அதுவும் விரயமே. பூச்சி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பருத்தியில் வரும் மாவுப்பூச்சி தக்காளியையும் விடாது. வயலிலிருந்து வந்த மாரை அப்படியே ஊன்றாமல், இலையையும் காய்ந்த காயையும் உதிர்த்துவிட்டு நன்றாக வெயிலில் போடுங்கள். வெயிலுக்கா உங்களூரில் பஞ்சம்? மார் கிடைக்காவிட்டால் ஒட்டடைக் கம்பு, குடைக்கம்பி எதுவும் ஆகும். காலுடைந்த பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல்தட்டை அறுத்து எடுத்துவிட்டுச் செடிமேல் கவிழ்த்தால் அதுவே கூண்டு. ஆனால் பச்சை முருங்கைக் கொம்பை ஊன்றிவிடாதீர்கள். அது துளிர்த்துக்கொள்ளும், பிறகு தக்காளிச் சாம்பார் முருங்கைக்காய் சாம்பாராகிவிடும்.

குச்சியைவிட முக்கியமானது அது நிற்கும் இடமும் கட்டும் பொருளும். கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பு விட்டால் நேற்று அசையாத குச்சி இன்று ஆடும். அதனால் நாற்று நடும்போதே ஓர் அடி ஆழத்துக்கு இறக்கிவிடுங்கள். பிறகு இறக்கினால் வேரைக் குத்துவீர்கள். கட்டுவதற்கு நைலான் கயிறும் செம்புக் கம்பியும் ஆகவே ஆகாது. தண்டு பருக்கப் பருக்க அறுத்துவிடும். பழைய பருத்திச் சேலையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல் எடுங்கள். முதலில் குச்சியில் இறுக்கி ஒரு முடிச்சு. அடுத்து எட்டு போலத் திருப்பித் தண்டைச் சுற்றி, உள்ளே சுண்டுவிரல் நுழையும்படி தளர்வாக இன்னொன்று. கட்டுகிற வேலையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தண்டு நீர் ஏறி விறைப்பாக இருக்கும், வளைத்தால் முறியும்.