‘பர்மிஷன் இருக்கா?’ முதல் ‘டீ சாப்பிட்டீங்களா?’ வரை: வானூர்தியாளர்–காவலர் சந்திப்பின் வினாவிடை இலக்கணம்

1. தோற்றுவாய்

கண்மாய்க் கரையில் ஒருவர் அண்ணாந்து நின்றால் சற்று நேரத்தில் ஒன்பது பேர் அண்ணாந்து நிற்பர். இது ஊர் இயற்கை. பத்தாவதாக வருபவர் மட்டும் வானத்தைப் பார்ப்பதில்லை. நிற்பவர்களில் யார் கையில் ரிமோட் இருக்கிறது என்று பார்ப்பார். அவரே காவலர். இக்கட்டுரை அந்தப் பத்தாமவரைப் பற்றியது.

‘பொழுதுபோக்கு வானூர்தியாளர்’ எனப்படுபவர் ட்ரோன் வைத்திருந்தும் கல்யாண வீடுகளுக்குப் போகாதவர். அதனாலேயே அக்கம்பக்கத்தாரின் இரக்கத்துக்கு உரியவர். ‘ட்ரோன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் தேனீ என்றும் பொருள் உண்டு. ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது, இரைச்சல் மட்டுமே. இவ்வுண்மையைக் காவலரிடம் முதலிலேயே எடுத்துச் சொல்லிப் பார்த்ததில் பயன் ஒன்றும் விளையவில்லை என்பதையும் இங்கேயே பதிவுசெய்துவிடலாம்.

இக்கட்டுரையாளர் பள்ளியில் தமிழ் நடத்துபவர். நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்ததை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி அழித்துவருபவர். அந்த ஆறும் எட்டும் உயிரோடு நடமாடும் இடம் வகுப்பறை அன்று, கண்மாய்க் கரையே என்பதை நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம்.

2. முன்னோர் கண்டவை

வலவன் இல்லாமல் செல்லும் வான ஊர்தி பற்றிப் புறநானூற்றிலேயே பேச்சு உண்டு. சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை, பறக்கும் மயிற்பொறி ஏறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழ, மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. ஓட்டுபவர் கவனம் சிதறினால் கருவி எங்கே போய் இறங்கும் என்பதற்குத் தமிழில் இதைவிடப் பழைய எச்சரிக்கை வேண்டியதில்லை. ஆனால் அங்கே காவலர் யாரும் வந்து விசாரிக்கவில்லை. ஆதலின் தரவு முழுமையற்றது.

காவலர் வரும் தரவுக்குப் பாரிஸ் செல்ல வேண்டும். 1783 ஆகஸ்ட் 27 அன்று ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் ஒன்று பாரிசில் கிளம்பி, கோனெஸ் என்ற சிற்றூரில் இறங்கியது. ஊரார் அதை ஏதோ பூதம் என்று எண்ணிக் கவைக்கோலால் குத்திக் கிழித்தனர். ‘இப்படி ஒன்று வானிலிருந்து இறங்கினால் அஞ்ச வேண்டாம்’ என்று அரசு பொதுமக்களுக்கு அறிவிப்பு விட நேர்ந்தது. மறு ஆண்டு, 1784 ஏப்ரல் 23 அன்று, அனுமதியின்றிப் பலூன் ஏற்றக் கூடாது என்று பாரிஸ் காவல்துறை ஆணையிட்டது. வான்சட்ட வரலாறு எழுதுவோர் பலர் இவ்வாணையிலிருந்தே தொடங்குவர். ஆக, ‘பர்மிஷன் இருக்கா?’ என்ற வினாவுக்கு வயது 240 கடந்துவிட்டது. நம்மூர் ஏட்டய்யா அதைப் புதிதாகக் கேட்டுவிட்டதாக நாம் முகம் சுளிப்பது வரலாற்று அறியாமை.

இன்னொரு சான்று ஜெர்மனியிலிருந்து. யூலியஸ் நாய்ப்ரோனர் என்ற மருந்தாளுநர் புறாவின் மார்பில் சிறு கேமரா கட்டிப் பறக்கவிட்டார். காப்புரிமை கேட்டபோது, புறாவாவது கேமராவைச் சுமப்பதாவது என்று அலுவலகம் மறுத்துவிட்டது. புறா எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. வாதாடிப் பெறாததைப் படம் காட்டிப் பெற்றார் என்பது கருதத்தக்கது. இவ்வாய்வின் கருதுகோளும் அதுவே.

3. ஆய்வு முறையும் எல்லையும்

தரவு: கட்டுரையாளர் நேரில் பட்டறிந்த ஏழு சந்திப்புகள்.

கருவி: 249 கிராம் எடையுள்ள நான்கு சுழலி ட்ரோன் ஒன்று. இந்திய ட்ரோன் விதிகள் 2021இன்படி 250 கிராமுக்கு மிகாதது ‘நானோ’; அதை ஓட்டத் தொலை விமானி சான்றிதழ் வேண்டியதில்லை. 249 என்பது ஓர் எடை அன்று, சட்டத்தின் வாசற்படியில் கால்படாமல் நிற்கும் பணிவு.

துணைக்கருவி: பிளாஸ்டிக் உறை ஒன்று. உள்ளே விதிகளின் நகல், பறக்கும் இடம் முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலம் என்று காட்டும் வரைபடம், ஆதார் நகல். ஏழு சந்திப்பிலும் உறையில் இருந்ததை முழுக்கப் படித்தவர் எவருமில்லை. தடிமனைத் தடவிப் பார்த்தே நிறைவடைந்தனர்.

எல்லை: பச்சை மண்டலத்தில் 400 அடிக்குள், கண்ணுக்குத் தெரியும் தொலைவில், மட்டுமே இவ்வாய்வு பறந்தது. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறத்தல் ஆகாது. இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் உள்ளது. அதன் பெயரே ‘பருந்து’. பருந்து இருக்கும் வானத்தில் ஊர்க்குருவிக்கு வேலையில்லை.

ஒருதலைச் சார்பு: நட்பில்லாத சந்திப்புகள் தரவில் இல்லை. நிகழ்ந்திருந்தால் கட்டுரையாளர் இதை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

4. வினா ஆறு

4.1 ஐயவினா. நன்னூல் வைத்த வரிசை வேறு. களத்தில் முதலில் வருவது ஐயமே. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டு போடாமல், ஒரு காலை ஊன்றியபடி: “இது பொம்மையா, கேமராவா?” என்பார். பொம்மை என்றால் ‘இந்த வயசுலயா’ என்று பார்வை. கேமரா என்றால் ஸ்டாண்டு போட்டு இறங்கிவிடுவார். இரண்டும் என்பது உண்மையான விடை. உண்மையை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

4.2 கொளல்வினா. ஒன்றைப் பெறும்பொருட்டுக் கேட்பது. ‘துவரம்பருப்பு இருக்கா?’ என்று கடையில் கேட்பதும், “பர்மிஷன் இருக்கா?” என்று கரையில் கேட்பதும் இலக்கணப்படி ஒன்றே. பருப்பு இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவார். பர்மிஷன் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போக மாட்டார் என்பதே வேறுபாடு. இவ்விடத்தில் பிளாஸ்டிக் உறை நீட்டப்பட வேண்டும். இரண்டு கைகளாலும் நீட்டுவது மரபு.

4.3 அறிவினா. தான் அறிந்ததைப் பிறர் அறிவாரா என்று சோதிப்பது, ஆசிரியர்க்குரிய வினா. எஸ்.ஐ. வந்த ஒரு சந்திப்பில் மட்டும் இது நிகழ்ந்தது. “ஏர்போர்ட்டுக்கு எட்டு கிலோமீட்டர்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் எத்தனை அடி போலாம், சொல்லுங்க?” என்றார். “இருநூறு அடி, சார்.” அவர் முகத்தில் சிறு ஏமாற்றம் தெரிந்தது. சரியான விடை சொல்லும் மாணவனைக் கண்டு இருபதாண்டுகளாக இதே ஏமாற்றத்தை அடைந்துவரும் கட்டுரையாளருக்கு அது நன்றாகப் புரிந்தது. தலைவர்கள் வருகையின்போது பச்சை மண்டலத்தையே தற்காலிகமாகச் சிவப்பாக்கலாம் என்பதை அவர்தாம் சொல்லிக்கொடுத்தார். ஆகவே ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறப்பது நலம். ரைட்டர் மேசைக்கு முன் ஐந்து நிமிடம் நின்றால் கரையில் ஐம்பது நிமிடம் மிச்சமாகும்.

4.4 அறியாவினா. “அதெப்படி சார் ஆணியடிச்ச மாதிரி அப்படியே நிக்குது?” சந்திப்பின் திருப்புமுனை இதுதான். கேட்டவர் இப்போது விசாரணை அதிகாரி அல்லர். எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருந்து கை தூக்கியவர். விளக்கம்: எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சுழலிகள் வலமாகவும் மற்ற இரண்டு இடமாகவும் சுழல்வதால், ஒன்றின் திருகு விசையை மற்றது தின்றுவிடும். ஆகவே உடல் பம்பரமாகச் சுற்றாது. செயற்கைக்கோள் குறிப்பைக் கொண்டு இடத்தையும், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் நொடிதோறும் சரிபார்த்துக்கொள்ளும். இதைச் சொல்லிமுடித்ததும் ஒரு காவலர், “ரெண்டு பேரு அந்தப் பக்கம் இழுத்தா ரெண்டு பேரு இந்தப் பக்கம் இழுக்கணும். எங்க ஸ்டேஷன் மாதிரிதான்” என்றார். இயற்பியலை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன நூல் கட்டுரையாளர் பார்வைக்கு வந்ததில்லை.

4.5 கொடைவினா. கொடுக்கும்பொருட்டுக் கேட்பது. திரையைக் காட்டியபின் வருவது இது. கண்மாய், மடை, கருவேலங்காடு, அப்பால் கோயில் கோபுரம், அதன் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. தினமும் ரோந்து போகும் ஊர்தான். ஆனால் அதை அவர் ஒருநாளும் ஒரே பார்வையில் முழுதாகப் பார்த்ததில்லை. நீண்ட நேரம் பேச்சிராது. பிறகு, “டீ சாப்பிட்டீங்களா சார்?” 240 ஆண்டுக் கொளல்வினா இந்த இடத்தில் கொடைவினாவாகிறது. நாய்ப்ரோனரின் புறா காப்புரிமை அலுவலகத்தில் சாதித்ததும் இதுவே. டீக்குக் காசு யார் கொடுப்பது என்ற சிறு தகராறு அப்போது எழும். ஏழு சந்திப்பிலும் கட்டுரையாளரே கொடுத்தார் என்பது தனி ஆய்வுக்குரியது.

4.6 ஏவல்வினா. ஏவும்பொருட்டுக் கேட்பது. இதற்கு ஒரே எடுத்துக்காட்டுதான் கிடைத்தது. அது முடிவுரையில் வரும்.

5. விடை எட்டு

சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடைகள். மற்ற ஐந்தும் குறிப்பு விடைகள். வெளிப்படை விடைகளால் எவரும் கெட்டதில்லை. ‘அதோ’ என்று கை நீட்டலாம். ‘வீடுகள் மேலே போனியா?’ என்றால் ‘இல்லைங்க’ எனலாம். ‘இறக்கு’ என்றால் ‘சரிங்க’ எனலாம். இதுவே விடைகளுள் தலையாயது.

குறிப்பு விடைகளில் விழிப்பு வேண்டும். வினா எதிர் வினாதல் இரு வகைப்படும். “இறக்கட்டுமா சார்?” என்பது உயிர் காப்பது. “ஏன், பறக்கவிடக் கூடாதா?” என்பது ஸ்டேஷன் பெஞ்சைக் காட்டுவது. உற்றது உரைத்தலாவது, “பேட்டரி எறங்கிருச்சு சார், சத்தம் போடுது பாருங்க” என்பது. உறுவது கூறலாவது, “காத்து ஏறுது சார், இனிமே நிக்காது” என்பது. இவ்விரண்டும் ‘முடித்துக்கொள்கிறேன்’ என்பதன் மரியாதை வடிவம். இனமொழி விடை, “வீடியோவா எடுக்குறீங்க?” என்றால் “கொக்கு பார்க்குறேன் சார்” என்பது. கொக்குக் கூட்டத்தின் அருகே ட்ரோனை விடுவது தகாது என்பதால் இவ்விடையை இப்போது கட்டுரையாளர் கைவிட்டுவிட்டார்.

எஞ்சியது ஏவல் விடை: “நீங்களே ஓட்டிப் பாருங்க சார்.” இதை முன்மொழிந்தபோது ஏட்டய்யா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “வேண்டாம் சார். ஜீப்புல விழுந்த கோட்டுக்கே இன்னும் பதில் எழுதிக்கிட்டு இருக்கேன்.”

6. தடையும் விடையும்

அற்றேல், காவல்துறையிடமே ட்ரோன் இருக்கிறதே. அவர்களுக்கு இதில் வியப்பு எங்ஙனம் எனின், கூறுதும். 2020 ஊரடங்கில் ட்ரோனைக் கண்டு கேரம் ஆட்டத்தைப் போட்டுவிட்டு இளைஞர்கள் சிதறி ஓடிய திருப்பூர்க் காணொளியை நாடறியும். 2023 ஜூனில் சென்னை அடையாறில் காவல்துறைக்கென்றே ட்ரோன் பிரிவு தொடங்கப்பட்டது. உண்மைதான். ஆனால் துறையின் ட்ரோன் ஓடுபவரைத் தேடும், கூட்டத்தை எண்ணும். அது எடுத்த படத்தைப் பார்ப்பவர் வேறெங்கோ திரைமுன் இருப்பார். கரையில் பந்தோபஸ்து நிற்கும் ஏட்டய்யா அதன் கீழே ஒரு புள்ளி. அவர் ஊரை அவரிடமே மேலிருந்து காட்டி, ‘எது பார்க்கணும் சொல்லுங்க’ என்று எவரும் கேட்டதில்லை. ஆகவே வியப்பு கருவியினால் அன்று, திரை தன் பக்கம் திருப்பப்பட்டதனால் என்க.

7. முடிவுரை

ஏழாம் சந்திப்பு. டீ முடிந்தது. மாலை வெயில் சாய்ந்து, காற்று ஓய்ந்திருந்தது. ஏட்டய்யா தொப்பியைக் கழற்றி வண்டியின் டேங்க் மேல் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சார்... அந்தா ஆலமரத்துக்கு வடக்கால ஒரு மாடி வீடு தெரியுதுல்ல, கொஞ்சம் அந்தப் பக்கம் போறீங்களா?”

ஏவல்வினா. நேர் விடை அளிக்கப்பட்டது.

திரையில் வீடு வந்தது. “எங்க வீடுதான்” என்றார், யாரோ மறுத்துவிட்டதைப் போல. மாடியில் கொடியில் காக்கிச் சட்டை ஒன்று காய்ந்தது. ஓரத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அவர் திரையை நோக்கிக் குனிந்தார். “சார், மூடி தொறந்து கெடக்கு!”

உடனே செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.  

“ஏய், மாடித் தொட்டி மூடி தொறந்து கெடக்கு. காக்கா எச்சம் விழப்போவுது. எப்படித் தெரியும்னு கேக்குறியா? மேல இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

மறுமுனையில் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நிதானமாக ஒரு குரல் வந்தது: “காலையில மோட்டார் போட்டுட்டு, ரொம்பிருச்சான்னு மேல ஏறிப் பார்த்தது யாரு?”

விடை அறிந்தே கேட்கப்படுவது அறிவினா. நன்னூல் கற்பிக்கும் கட்டுரையாளருக்கு அதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை. நாளெல்லாம் கேள்வி கேட்டே பழகிய ஏட்டய்யா, நன்னூலார் வகுத்த எட்டு விடைகளிலும் அடங்காத ஒன்றைத் தேர்ந்தார்.

“ஹலோ... ஹலோ... டவர் இல்ல, கேக்கல” என்று சொல்லி வைத்துவிட்டார்.