செவிலிக்கு ஆண்பால் என்ன?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் உயிரியல் பாடம் என்னைக் கைவிடாமல் கரையேற்றிய வருஷத்தில், வைத்திய சம்பந்தமான ஏதோ ஓர் உத்தியோகத்துக்காகவே ஈசுவரன் என்னைச் சிருஷ்டித்திருக்கிறான் என்று எங்கள் வீட்டார் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். எந்த உத்தியோகம் என்பதில் மட்டும் ஐந்து பேரிடையே ஏழு அபிப்பிராயங்கள் நிலவின.

டாக்டருக்கு உரிய சகல லட்சணங்களும் என் கையெழுத்துக்கு வாய்த்திருந்தன. ஆயினும் நீட் மதிப்பெண்ணும் அப்பாவின் சேமிப்பும் கைகோத்துக்கொண்டு அந்த ஐந்தரை வருஷப் படிப்பின் வாசலை மறித்து நின்றமையால், அதைப் பற்றி மேற்கொண்டு பேசுவதை அநாகரிகம் என்று விட்டுவிட்டோம். மருந்தாளுநர் ஆவதற்கோ பிறர் கையெழுத்தைப் படிக்கும் திவ்ய திருஷ்டி வேண்டும். விடியற்காலையில் ஊராரின் சின்னஞ்சிறு டப்பாக்களை வரிசையாக வாங்கி வைக்கும் லேப் வேலை நம் வம்சத்துக்கு எதற்கு என்றாள் அம்மா. எக்ஸ்ரே படிப்பு, ‘கதிர் பட்டால் சந்ததிக்கு ஆகாது’ என்ற அத்தையின் ஒரே வாக்கியத்தில் பஸ்பமாயிற்று. மீசையே முளைக்காத என்னுடைய சந்ததியின்மேல் அவள் காட்டிய காருண்யம் இன்றும் என் நெஞ்சை உருக்குகிறது.

இந்தச் சந்தர்ப்பத்தில்தான், நாலு வருஷ பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்கப் போகிறேன் என்று மெல்லச் சொன்னேன். சபை ஸ்தம்பித்தது.

“நர்ஸம்மா தெரியும். உன்னை என்னவென்றுடா கூப்பிடுவார்கள்?” என்றார் தாத்தா.

கேலிதான், எனினும் யோசிக்க யோசிக்க அது பெரிய இலக்கணச் சிக்கலாக விஸ்வரூபம் எடுத்தது. சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் செவிலித்தாய் உண்டு, அவள் மகளாகிய தோழி உண்டு. செவிலித்தந்தை என்று ஒருவன் இல்லை. இக்காலத்தார் ‘செவிலியர்’ என்று ‘அர்’ விகுதியைக் கூட்டிச் சிக்கலைச் சாமர்த்தியமாக மூடிவைத்தார்கள். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரால் ஏற்பட்ட பயிற்சிப் பள்ளியும் பெண்களுக்காகவே ஏற்பட்டது. நான் சளைக்காமல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கவி வால்ட் விட்மன் வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்த சரித்திரத்தை எடுத்துவிட்டேன்.

“கவிஞனுக்கு வேறு ஜோலி ஏது?” என்று அப்பா வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அந்த ஆனி மாதமே தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்தார். பெரிய டாக்டர் பரிவாரத்தோடு எழுந்தருளி, கட்டிலருகே ஒரு நிமிஷம் தரிசனம் தந்து மறைவார். இராப் பொழுதுக்கு வந்தவரோ ஓர் இளைஞர்; வார்டு முழுவதும் அவரை ‘பிரதர்’ என்றே அழைத்தது. “பேரன் வயசுக்காரனைச் சகோதரன் என்பதா?” என்று தாத்தா முறை பார்த்து மௌனம் சாதித்தார். அந்த மனிதர் இதையெல்லாம் பொருட்படுத்தாமல், படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தாத்தாவைப் பக்குவமாகப் புரட்டிப் படுக்கவைத்து, கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகி, பெட்பேனையும் முகம் சுளிக்காமல் எடுத்துப் போனார்.

மூன்றாம் நாள் நடுநிசியில் வலி பொறுக்கமாட்டாமல், வைராக்கியமும் உறவுமுறையும் ஒருங்கே மறந்து, “அம்மா!” என்று தாத்தா அலறினார்.

“இதோ வந்துட்டேன் தாத்தா” என்று ஓடி வந்தார் அந்த மீசைக்காரர்.

விடிந்ததும் தாத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தப் படிப்புக்கு மனுப் போடக் கடைசித் தேதி என்றைக்கடா?”