துலைக்கே போறியள்?

யாழ்ப்பாணத்து அளவெட்டிச் செம்பாட்டில் எந்தத் தோட்டவெளிக்குள் இறங்கினாலும் இந்தப் பெரியவரைக் காணலாம். இரண்டு பரப்பு வெங்காயம், இரண்டு பரப்பு மிளகாய், தலையில் சால்வைக் கட்டு, மடித்துக் கட்டிய சாரத்தின் மடிக்குள் ஒரு பிடி கல்லு, கையில் கெற்றப்போல். கொய்யாக் கவரில் பழைய சைக்கிள் ரியூப்பை வார்ந்து கட்டி, கல்லுப் பிடிக்கிற இடத்தில் கிழிந்த சப்பாத்தின் நாக்கை வைத்துத் தைத்த கெற்றப்போல். மிளகாய்க்கு வருகிற கிளிக்குத்தான் என்பது அவருடைய வாக்குமூலம். ஆனால் கிளி வராத நேரத்திலும் அது கையை விட்டு இறங்குவதில்லை. தூரத்து வரம்பில் ஒரு மனுசத் தலை தெரிந்ததும் ரப்பர் இழுபடும். வேலியோரப் பனையில் 'டொக்' என்று ஒரு சத்தம். அதன் பின்னால் குரல் வரும்: "ஆரது உதாலை?" ஊர் இவருக்கு வைத்திருக்கிற பெயர்களில் அச்சில் ஏறக்கூடியது 'வெருளி' ஒன்றுதான். பிறத்தியார் கால் பட்டால் மண் தேய்ந்துவிடும் என்று பயப்படுகிற கஞ்சர் என்பது பொதுத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பிழை என்பது என் கட்சி. ஊரிலேயே காணிச் சட்டத்தைச் சரியாக விளங்கிக்கொண்டவர் இவர்தான். மல்லாகம் நீதிமன்றத்துக்குப் போய் வருடக்கணக்கில் இழுபட வேண்டிய வழக்குகளைத் தொண்டையாலேயே முடித்து வைப்பவரும் இவர்தான்.

இந்த நாட்டில் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் பத்து வருடம் தடங்கலில்லாமல், சொந்தக்காரரின் தயவில் தங்காமல் ஒரு காணியை ஆண்டு வந்தால், அது தன்னுடையது என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். சனங்கள் 'ஆட்சி உறுதி' என்கிறது இதன் வயிற்றில் பிறந்ததுதான். காணிக்கு உள்ள இந்த நியாயம் வழிக்கும் உண்டு. பக்கத்து ஒழுங்கை மாஸ்ரர் பஸ் பிடிக்கிற அவசரத்தில் மிளகாய்த் தறையின் ஓரத்தால் நடக்கத் தொடங்கி, அதே தடத்தில் பத்து வருடம் நடந்து முடித்தால், பதினோராம் வருடம் அந்தத் தடத்தை மறிக்க ஏலாது. மாஸ்ரர் பென்சன் எடுத்து, பஸ்ஸையே மறந்த பிறகும் அது வழிதான். ஆனால் சட்டம் இரண்டு நிபந்தனை வைக்கிறது. தடம் ஒன்றாக, திட்டமானதாக இருக்கவேண்டும். கண்டபாட்டுக்கு அலைந்தவருக்கு வழியுரிமை கிடையாது. மற்றது, நடந்தவர் தன்பாட்டில் நடந்திருக்கவேண்டும். கேட்டு நடந்தவருக்கும் கிடையாது. பெரியவருடைய முழு நடத்தையும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஆட்டைத் தேடி வெளி முழுக்க உழக்கித் திரிகிற ஆச்சியை அவர் ஏறெடுத்தும் பாரார். தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே வரம்பால் வருகிறவருக்குத்தான் கல்லு. "ஐயா, உதாலை ஒருக்கால் போகட்டே?" என்று கேட்டவருக்கோ, "அதுக்கென்ன மோனை, பாத்துப் போ, தண்ணி விட்டுக் கிடக்கு" என்று மறுமொழி வரும், போகிற கைக்கு இரண்டு வெண்டிக்காயும் வரலாம். வெண்டிக்காய் பாசத்தில் வருவது. அனுமதி கணக்குப் பார்த்து வருவது: கேட்ட அந்த ஒரு வாயோடு பத்து வருடக் கணக்கு செத்துப்போகிறது.

பொலிசுக்குப் போகலாமே, கல்லு என்னத்துக்கு என்று கேட்கிறவர்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 427 ஆம் பிரிவைப் பார்க்கவில்லை. பிறர் காணிக்குள் காலை வைப்பது மட்டும் அங்கே குற்றமாகாது. குற்றம் செய்ய எண்ணியோ, காணியில் இருப்பவரை வெருட்ட, அவமதிக்க, எரிச்சலூட்ட எண்ணியோ நுழைந்திருக்கவேண்டும். மாஸ்ரருக்கு எரிச்சலூட்டும் எண்ணம் கடுகளவும் இல்லை. அவருடைய எண்ணமெல்லாம் பஸ்ஸில். எரிச்சல் முழுவதும் பெரியவருடைய சொந்த விளைச்சல். 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் கீழ்ப் போகலாம் என்றால், சமாதானம் குலையும் நிலை வந்திருக்கவேண்டும். அதாவது முதலில் நாலு பேர் பார்க்கச் சண்டை பிடிக்கவேண்டும். 1988 இல் வந்த இணக்கசபைக்குப் போகலாம்; அங்கே கதிரையில் இருக்கிற மூன்று பேரில் ஒருவராவது மாஸ்ரரிடம் படித்தவராயிருப்பார். ஆகவே பெரியவர் சாட்சியத்தைத் தாமே திரட்டுகிறார். விடிய இறைத்த பாத்தியில் ஒரு பாட்டாச் செருப்பின் அச்சு விழுந்திருந்தால், அதன் பக்கத்தில் குந்திவிடுவார். வலது குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. இடது அடி வலதைவிட ஆழம். பூவரசங் குச்சியால் ஈரத்தைக் கிண்டிப் பார்த்து நேரத்தையும் கணிப்பார். பிறகு ஆருக்கும் இல்லாமல் சொல்லுவார்: "உது கிழக்கு வீட்டு மருமோன். இடுப்புப் பிடிப்பு இன்னும் மாறேல்லை." அந்தி படுகிற நேரத்தில் அந்த மருமகன் தெருவை விட்டுத் தோட்டத்தால் ஏன் நடக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். தவறணைக்குப் போகிற வழியில் மாமியார் வீட்டுப் படலை இருக்கிறது. அதை வெளியில் சொல்லமாட்டார். வேலிச் சண்டைக்காரருக்கும் ஒரு தொழில் ஒழுக்கம் உண்டு.

கத்துகிற விதத்தைக் கேட்டால்தான் ஆளின் தரம் தெரியும். என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் தெட்சணாமூர்த்தியின் தவிலும் கேட்ட ஊர் இது; தாளம் தப்பிக் கத்தினால் அதற்கும் விமர்சனம் வரும். 'குறும்பா' எழுதிய கவிஞர் 'மஹாகவி' பிறந்த ஊரும் இதுதான். அந்த நூல் 1966 இல் வந்தது; ஐந்து வரியில் ஒரு ஆளை முடித்துவிடுகிற கலை. பெரியவருக்கு ஐந்து வரி தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் புறப்பட்டுப் போகிறவரை 'எங்கே' என்று கேட்கக்கூடாது, போகிற காரியம் பிழைத்துவிடும். 'துலைக்கே போறியள்?' என்றுதான் கேட்கவேண்டும். தூரத்துக்கோ என்று கேட்கிற சாட்டில் இடத்தை அறிந்துகொள்கிற கேள்வி அது. தன் மிளகாயை மிதித்தவரிடம்கூடப் பெரியவர் இந்த மரியாதையைத் தவறவிடுவதில்லை. முதலில் கல்லு, பிறகு 'ஆரது உதாலை', முகம் தெரிந்ததும் 'ஓ, நீங்களே? துலைக்கே?' மறுமொழியும் மாறாது: 'உதிலைதான்.' பள்ளிக்கூடத்தில் அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்துப் படிக்கிறோம். தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு எப்போதோ போய்விட்டது. இங்கே மட்டும் உசிரோடு நிற்கிறது. பண்டிதர்கள் வேறு காரணம் சொல்லலாம். இதுவும் இல்லை, அதுவும் இல்லை, தன்னுடையதா மற்றவனுடையதா என்று இன்னும் தீராத துண்டைச் சுட்டிக்காட்ட ஒரு சொல் அன்றாடம் தேவைப்படுகிற மண்ணில் அந்தச் சொல் எப்படிச் சாகும் என்பது என் கேள்வி.

அத்துமீறுகிறவரையும் குறைவாக எடைபோடக்கூடாது. அவருக்குப் பின்னால் புராணமே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கோவில்களில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்கிற வழக்கம் உண்டு. வள்ளியம்மை திருமணப் படலம் வரும்போது எல்லோரும் காதலைக் கேட்கிறார்கள். பெரியவர் கேட்பது வேறு. ஒரு பெண்பிள்ளை பரணில் நின்று கவண்கல் எறிந்து தினைப்புனம் காக்கிறாள். வேடன் ஒருவன் அனுமதியில்லாமல் உள்ளே வருகிறான். 'இந்தப் பக்கம் ஒரு மான் வந்ததோ' என்று வந்து கேட்பதற்கு அகப்பொருள் இலக்கணகாரர் 'கெடுதி வினாதல்' என்று துறையே வகுத்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அது 'இஞ்சாலை ஒரு வெள்ளாடு வந்ததே' என்று மாறியிருக்கிறது. காணிக்காரன் வந்ததும் வேடன் வேங்கை மரமாகிறான். நம்மவர்கள் பனைக்குப் பின்னால் ஒதுங்குகிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் தண்ணி விடாய்க்கிற கிழவராக வருவது. ஒன்றும் பலிக்காத கட்டத்தில் தமையன் யானையாக வந்து உதவுகிறார். அளவெட்டியில் அந்தத் தமையன் கும்பழாவளையில் பெரிய கோவில் கட்டிக் குடியிருக்கிறார். அத்துமீறுகிறவருக்கு இதைவிட வேறு பக்கபலம் வேண்டியதில்லை. முருகன் செய்தது பிழையோ என்று நேரே கேட்டால் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிறகு, "அவர் கடைசியிலை முறைப்படி வந்து கேட்டுத்தானே கட்டினவர்" என்று சட்டத்துக்குத் திரும்பிவிடுவார்.

கல்லெறிவது ஆபத்து இல்லையா? இதுதான் பாரமான எதிர்வாதம். கல்லு எங்கே போய் விழும் என்று கல்லுக்கே தெரியாது; ஒரு கண் போனால் 1871 உம் உதவாது, கந்தபுராணமும் உதவாது. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்று என்ன என்றும் பார்க்கவேண்டும். வன்னிப் பக்கம் காட்டுப் பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கு 'ஆரது' என்று கேட்பதில்லை. கயிற்றில் பன்றியின் கால் பட்டாலும் மனுசன் கால் பட்டாலும் வெடிக்கும். அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருந்தவர்கள் ஒருகாலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் மூன்று தசாப்த யுத்தத்துக்குப் பிறகு வலிகாமத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் கிளி மட்டுமா பறக்கும்? கிளியாவது பத்து நிமிசத்தில் திரும்பி வரும். தோட்டத்துக்குத் தோட்டா என்ற காலம் அப்படித்தான் முடிந்தது. கொய்யாக் கவர் வந்தது. இங்கிலாந்தில் ஒக்டோபர் முதல் பெப்ரவரி முதலாந் திகதி வரை வயல்வெளியில் காட்டுக்கோழி இனத்துப் பறவையொன்றைச் சுடுவார்கள். நடைபாதையில் ஆள் வந்தால் நிறுத்தி, துவக்கை முறித்துத் திறந்து, குழல் வெறுமையாய் இருப்பது தெரிகிற மாதிரிக் கையில் தொங்கவிட்டு, போனபிறகே தொடங்குவது அங்கே நல்ல பழக்கம். பெரியவரிடமும் அதே பழக்கம் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரத்தில் கெற்றப்போல் கழுத்தில் மாலையாகத் தொங்கும். முகம் தெரிந்தபிறகு ரப்பரை இழுக்கமாட்டார். குறி எப்போதும் பனைதான். பனை வழக்குப் போடுவதில்லை.

இங்கிலாந்தை இழுத்ததும் இன்னொரு எதிர்வாதம் தானாக வந்துவிடும். ஓகஸ்ட் விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்த பெறாமகன், வெள்ளைச் சப்பாத்தோடு வெங்காயப் பாத்திக்குள் நின்று செல்பி எடுத்தபடி சொல்லுவான்: "பெரியப்பா, அங்கை எல்லாற்ரை காணிக்குள்ளாலையும் நடக்கலாம்." ஓரளவு உண்மைதான். இங்கிலாந்திலும் வேல்சிலுமாகச் சுமார் 140,000 மைல் பொதுவழி இருக்கிறது. 2000 ஆம் ஆண்டுச் சட்டம் மலைவெளிகளையும் தரிசுகளையும் திறந்துவிட்டது. ஸ்கொட்லாந்து 2003 இல் இன்னும் தாராளமாகத் திறந்தது. ஆனால் தம்பி சொல்லாமல் விடுவது, அங்கே வழியெல்லாம் வரைபடத்தில் இருக்கிறது, பயிர் நிற்கிற நிலத்தில் இஷ்டத்துக்கு நடக்க ஸ்கொட்லாந்திலும் இடமில்லை, நடந்து நடந்தே ஒரு பாதையைப் பொதுவழியாக்க இங்கிலாந்தில் இருபது வருடம் வேண்டும் என்பவற்றை. பெரியவருக்குக் கிடைத்தது அதில் பாதித் தவணை. நிலமோ பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அவருடைய நாலு பரப்பு என்பது கால் ஏக்கர். அதுவும் சீதனத்துக்குப் பிரிந்து பிரிந்து வந்த மிச்சம். பிரித்த ஒவ்வொரு துண்டுக்கும் உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கும். எழுதிய வழிக்கே இடமில்லாத இடத்தில் எழுதாத வழிக்கு எங்கே போவது?

சிரிப்பு அடங்குகிற ஒரு இடமும் இதில் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்துக்குத் தப்பி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. அன்று ஆரும் ஆரையும் 'உதாலை போகாதை' என்று சொல்லவில்லை. திரும்பி வந்தபோது சில வெளிகளில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றது. எந்த வேலியும் செய்யமுடியாததை அது செய்தது. அந்த நாட்களில் சனங்கள் பிறர் நடந்த ஒற்றையடித் தடத்தில் மட்டும் அடி வைத்து நடந்தார்கள், மிதிவெடிக்குப் பயந்து. அப்படிப் பதிந்த தடங்களில் சில இன்றும் தறைகளை ஊடறுத்துக் கிடக்கின்றன. காணிக்காரர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்க, கத்துவதற்கு ஆளில்லாமல் பத்து வருடம் என்ன, இருபது வருடமே கழிந்தது. பாராளுமன்றம் 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, யுத்தத்தால் உரிமை கேட்கமுடியாமற் போனவர்களுக்கு எதிராகக் கணக்கிடாமல் விட வழி செய்தது. இருபத்தாறு வருடம் கத்தாமல் இருந்ததற்கு அரசாங்கம் கொடுத்த மன்னிப்பு என்று அதைப் பெரியவர் விளங்கிக்கொண்டிருக்கிறார். அவர் இப்போது கத்துகிற கத்தில் கொஞ்சம் வட்டியும் சேர்ந்திருந்தால் குறை சொல்வதற்கில்லை.

மனுசரை விட்டால் மற்ற அத்துமீறுகிறவர்கள் இருக்கிறார்களே. 2025 மார்ச் 15 சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் எட்டு ஐந்து வரை, நாடு முழுவதும் அவரவர் காணியில் நின்று குரங்கு, மயில், மர அணிலைக் கணக்கெடுக்கச் சொன்னது அரசாங்கம். ஐந்து நிமிசம் எல்லோரும் தங்கள் தங்கள் எல்லைக்குள் அசையாமல் நிற்கவேண்டும் என்று அரசாங்கமே கட்டளையிட்ட நாளை இந்தப் பெரியவர்களுக்கான பெருநாளாக அறிவித்திருக்கலாம். வேலியின் கதியாலில் ஒரு மயில் வந்து குந்தினால் அது ஆருடைய கணக்கு என்று படிவத்தில் இடமில்லாததுதான் ஒரே குறை. மயிலுக்குக் கல்லெறிய அவருக்கு மனம் வராது. எறிந்தால் ஆருடைய வாகனத்துக்கு எறிகிறோம் என்று தெரியும். மிளகாய்க் கன்றைக் கொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "உங்கை என்ன செய்யிறியள்?" என்று பன்மையில் கேட்பார்.

கடைசி எதிர்வாதம் ஊர் இளந்தாரிகளுடையது, கூர்மையானதும் அதுதான். இவருடைய தோட்டத்துக்கு ஒழுங்கையிலிருந்து நேர்வழி இல்லை. காலையும் மாலையும் மண்வெட்டியோடு இரண்டு பேருடைய தறையைக் கடந்துதான் இவரே வருகிறார். முதல் தறைக்கு உறுதியில் வழி இருக்கிறது. எந்த நொத்தாரிசு, எந்த வருடம் என்று நித்திரையிலும் சொல்லுவார். இரண்டாவதற்கு இல்லை. அந்த இரண்டாவது தறையின் மூலையில், புளியமரத்துக்குக் கீழே, இவரைவிட ஐந்தாறு வயது மூத்த ஒருவர் மடியில் கல்லோடு இருக்கிறார். பெரியவர் வரம்பில் கால் வைக்க முன்னம் நின்று, மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, செருமுவார்.

"அண்ணை, உதாலை ஒருக்கால்."

"துலைக்கே?"

"உதிலைதான்."