14 நாள் மாப்பிள்ளை

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வெளிநாட்டு ‘பையர்’ வருகிறார் என்றால் அன்றைக்குத் தரை பளபளக்கும், கேன்டீன் வடை பெரிதாகும். அப்படி ஹாங்காங்கிலிருந்து தோலின் தரம் பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பெண்தான் என் அக்கா மகனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். மயிரிழைக் கீறல் இருந்தாலும் முழு லாட்டையும் ‘ரிஜெக்ட்’ செய்கிற பெண். இவனை எந்த கிரேடில் பாஸ் பண்ணினாள் என்பது எங்கள் ஊர் அணைக்கட்டில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

அக்கா சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு பசித்தது, சம்மதித்தாள்.

“பொண்ணு இன்னா ஆளுங்கன்னு நான் கேக்க மாட்டேன்டா. கேட்டாலும் நமக்குப் புரியப் போறதில்ல. ஆனா முகூர்த்தம் பாத்துதான் பண்ணணும். பள்ளிகொண்டா பெருமாள் கோயில்ல தாலி கட்டிட்டா ஆச்சு.”

ஆகாது. தாய்மாமன் என்கிற முறையில் சட்டம் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. இந்து திருமணச் சட்டம் என்றாலும் சரி, 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் என்றாலும் சரி, இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான் செல்லும். மிச்சம் இருப்பது 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும் என்கிறது அது. பையன் பிறந்ததிலிருந்து இங்கேதான் குடியிருக்கிறான். அதைப் பற்றி அவன் அப்பாவுக்கு வருத்தமே உண்டு. சிக்கல் அடுத்த வரியில். மனுக் கொடுத்ததும் அதைப் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி, ஆட்சேபம் உண்டா என்று இன்னொரு 30 நாள் காத்திருப்பார்கள். அணைக்கட்டில் ஆட்சேபம் சொல்ல 30 நாள் எதற்கு? டீக்கடையில் அரை மணி நேரம் போதும்.

30 நாள் இ-விசாவில் ஒரு பெண் வந்து இறங்கி, அன்றைக்கே மனுக் கொடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபக் காலம் முடிந்து அதிகாரி பேனாவைத் திறக்கிற நேரத்தில் அவள் விமானத்தில் இருப்பாள். எங்கள் பெண்ணுக்கு அந்தக் கவலைகூட இல்லை. அவள் கம்பெனி கொடுக்கிற லீவே ஒரு வாரம்தான்.

இந்த வம்பு கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் நிஜமாகவே நடந்திருக்கிறது. 2022 மே மாதம், உள்ளூர்ப் பெண் ஒருவரும் விசாவில் வந்த அமெரிக்க மாப்பிள்ளையும் சார் பதிவாளரிடம் மனுக் கொடுத்தார்கள். 30 நாள் காத்திருந்து நேரிலும் போய் நின்றார்கள். காரியம் ஆகவில்லை, மாப்பிள்ளை ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பெண் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். ஜூலையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார்: மூன்று சாட்சிகளை வைத்து வீடியோவிலேயே மணம் முடிக்கலாம், திருமணப் புத்தகத்தில் இருவருக்கும் சேர்த்துப் பெண்ணே கையெழுத்துப் போடலாம். மாப்பிள்ளைக்கும் சேர்த்துப் பெண் முடிவெடுப்பது எல்லா வீட்டிலும் மெதுவாக வந்து சேர்கிற ஏற்பாடுதான். அங்கே முதல் நாளே, உயர் நீதிமன்ற உத்தரவோடு வந்திருக்கிறது.

“அப்ப நம்ம பையன் அங்க போயி கட்டிக்கினு வரட்டும்” என்றாள் அக்கா.

தோல் கண்காட்சிக்காக ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்கள் ஹாங்காங் போய்வருவது பழைய வழக்கம். ஒரு காலத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் விடுவார்கள். 2017 ஜனவரியிலிருந்து ஆன்லைனில் முன்கூட்டியே பதிந்து ஒரு சீட்டு எடுத்துப் போக வேண்டும். மற்றபடி விசா வேண்டாம், 14 நாள் தங்கலாம். கல்யாணத்துக்கு அந்த ஊர்ச் சட்டம் கேட்பது, அறிவிப்புக் கொடுத்துக் குறைந்தது 15 நாள் இடைவெளி. இந்த ஒரு நாளை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர் வீட்டில் பெண்பிள்ளைகள் அதிகம் இருந்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகளைப் பார்த்தேன். பிரிட்டனில் சாதாரண விசிட்டராகப் போனவன் கல்யாணம் செய்துகொள்ளவே கூடாது. அதற்கென்று தனி விசா இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் வேகஸ் அலுவலகம் நள்ளிரவு வரை லைசென்ஸ் கொடுக்கும், காத்திருப்பே கிடையாது. ஆனால் அமெரிக்க விசா வாங்கப் போகிறவன் அந்தக் காத்திருப்பையெல்லாம் சென்னையிலேயே முடித்துவிட வேண்டியிருக்கும்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது மணப்பெண்தான். ஹாங்காங்கில் அறிவிப்பை இருவரும் போய்க் கொடுக்க வேண்டியதில்லை, ஒருவர் போதும். அவளே கொடுத்துவிட்டாள். மூன்று மாதத்துக்குள் மணம் முடித்தால் செல்லும். மே கடைசியில் கொடுத்தாள்.

இங்கே அக்காவின் பஞ்சாங்கம் குறுக்கே வந்தது. ஆனியில் பையனுக்கு லீவு இல்லை. ஏற்றுமதி ஆர்டர் போக வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்து, மூன்று மாதம் முடிகிறதற்குள் இருக்கிற சில நாளில் ஒரு முகூர்த்தம் வேண்டும். அது பதிவகம் திறந்திருக்கிற நாளாகவும் இருக்க வேண்டும். கிடைத்தது. ஆனால் ஹாங்காங் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறதே, ராகு காலத்தை எந்த ஊர்க் கணக்கில் தள்ளுவது? ஜோசியர் இரண்டு ஊர்க் கணக்கிலும் தள்ளிவிட்டு, இரண்டு தட்சணை வாங்கிக்கொண்டார்.

ஹாங்காங் பூங்காவுக்குள் இருக்கிற காட்டன் ட்ரீ டிரைவ் பதிவகத்தில் கல்யாணம். சாட்சிகள் இரண்டு பேர் போதும் என்றதும் அக்காவுக்குக் கோபம். “ஊரே சாட்சி இங்க குந்திக்கினு கீது, ரெண்டு பேராம்!” வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொன்னேன். மணவாளக்குறிச்சிக் கதையை அவளிடம் சொல்லிவைத்திருந்தது அப்போதுதான் வேலை செய்தது.

“வீடியோவுல கல்யாணமே செல்லும்னு ஜட்ஜு சொல்லிட்டாருல்ல? அப்ப நான் போடுற அட்சதையும் செல்லும்.”

என் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, தாம்பாளம் நிறைய மஞ்சள் அரிசியோடு தெருவே உட்கார்ந்தது. அதிகாரி ஏதோ கேட்டார், பையன் ஏதோ சொன்னான், பெண் சிரித்தாள், கையெழுத்தானது. அரிசி பறந்தது. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்து, அவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். வீடியோவை அணைக்க மறந்துவிட்டார்கள். அதே நாற்காலிகளில் யாரோ ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக் கவுன் போட்ட பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள்.

நான் போனை எடுக்கப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

“இருடா, தாம்பாளத்துல இன்னும் அரிசி கீது. முகூர்த்த நேரமும் கீது. அதுங்களும் நல்லா இருக்கட்டும்.”