1.725 மாமா

கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில்தான் அவர் உட்காருவார். நீங்கள் வடையில் கை வைக்கும் நேரம் பார்த்து, "எண்ணெயில பொரிச்சதுப்பா. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி" என்பார். உங்கள் கை தயங்கி நிற்கும். அதற்குள் அவர் இலையில் இருந்த வடை காணாமல் போயிருக்கும். இரண்டாவது வடைக்காகப் பரிமாறுகிறவரைக் கண்ணாலேயே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அனுப்பம்பட்டில் இவர் எங்களுக்கு மாமா. மீஞ்சூரில் சித்தப்பாவாக இருப்பார், பொன்னேரியில் அண்ணனாக இருப்பார். ஊருக்கு ஒருவர் உண்டு.

ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று மாமா போடும் கணக்கின் முதல் பாதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 1990-ல் மிஃப்லின், செயின்ட் ஜியோர் குழுவினர் அமெரிக்காவின் நெவாடாவில் 498 பேரை அளந்து பார்த்து வெளியிட்ட சூத்திரம் அது. எடையை 10-ஆல் பெருக்கு. சென்டிமீட்டர் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு; வயதை 5-ஆல் பெருக்கிக் கழி. ஆணாக இருந்தால் 5 கூட்டு, பெண்ணாக இருந்தால் 161 கழி. மாமா 82 கிலோ, 168 சென்டிமீட்டர், 52 வயது. விடை 1615. நாளெல்லாம் படுத்தே கிடந்தாலும் மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் இவ்வளவு கலோரி வேண்டும். இதுவரை சுத்தம்.

இந்த 1615-ஐ அவரவர் உழைப்புக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். உட்கார்ந்த வேலைக்கு 1.2, லேசான உழைப்புக்கு 1.375, நடுத்தர உழைப்புக்கு 1.55, கடும் உழைப்புக்கு 1.725. மாமா எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆபீஸில் ஏ.சி. அறையில் ஃபைல் பார்க்கிறார். அவர் எடுத்துக்கொண்ட எண் 1.725.

"இன்னா மாமா இது?" என்றால் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. "டெய்லி லோக்கல் ரயில்ல நின்னுக்கினு போறேனே, அது உழைப்பு இல்லியா?" நந்தியம்பாக்கம் வருவதற்குள் யாரையாவது நகரச் சொல்லி அவர் உட்கார்ந்துவிடுவது அந்தப் பெட்டிக்கே தெரியும். ஆபீஸ் முதல் மாடியில் இருக்கிறதாம். ஏ.சி. குளிரில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளக் கலோரியை எரிக்கிறதாம். வீட்டுக்கு வந்தால் வேர்க்கிறதாம், அதிலும் எரிகிறதாம். மேனேஜரோடு வாக்குவாதம் வந்த நாள் தனி. இவ்வளவும் எடுபடாவிட்டால் தாத்தா வருவார். தாத்தா பழவேற்காட்டு ஏரியில் ஊர் முறை வரும்போதெல்லாம் 'பாடு' என்கிற மீன்பிடி இடத்தில் நின்று வலை இழுத்தவர். "அந்த உடம்புடா இது" என்று மாமா நெஞ்சைத் தட்டுவார். சத்தம் கொஞ்சம் கீழேயிருந்து வரும்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அட்டவணையும் அவர் கையில் இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்த வேலை பார்த்தால் 2110 கலோரி, கடும் உழைப்பு என்றால் 3470. மாமா கண்ணுக்கு இரண்டாவது மட்டுமே தெரியும். "கவர்மென்ட்டே 3470 சாப்பிடச் சொல்லுது. நான் 2786-லயே நிறுத்திக்கிறேன்" என்பார், ஏதோ ரேஷன் அரிசியை நாட்டுக்கு விட்டுக்கொடுத்தவர் மாதிரி.

தினம் 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக் கிலோ இறங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7700 கலோரி என்ற கணக்கில் வந்தது அது. மாமா 2786-ல் 500-ஐக் கழித்து 2286 என்று டயரியில் எழுதி, செல்போனில் கூட்டிப் பார்த்து ஒரு கலோரி பிசகாமல் சாப்பிடுகிறார். உட்கார்ந்த வேலைக்காரராக அவருக்கு உண்மையில் வேண்டியது 1938. ஆக, டயட் என்ற பெயரில் தினம் 348 கலோரி கூடுதல். விரதமிருந்து எடை கூடுகிற ஒரே மனிதர் இவர்தான். கேட்டால் மெஷின் சரியில்லை என்பார். இதுவரை வீட்டுக்கு வந்த எடை மெஷின் எதுவுமே சரியில்லை.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். ஏரி நண்டு வந்த நாளில் மாமா செல்போனைத் தொட மாட்டார். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, கொடுக்குகளைப் பல்லால் உடைத்து, சதையைப் பிரித்து ஒவ்வொரு வாயாக ஊட்டுவார். தன் வாய்க்குக் கடைசியில்தான் போகும். அன்றைக்குக் கலோரி என்ற பேச்சே இருக்காது.

ஆனால் போன மாதம் பெரியம்மாவுக்கும் கணக்குப் போட்டார். பெரியம்மா அவர் கூடப் பிறந்த அக்கா. விடியுமுன் பழவேற்காட்டுக்குப் போய் ஏலத்தில் மடவையும் இறாலும் எடுத்து, கூடையை பஸ்ஸில் ஏற்றி, பொன்னேரித் தெருக்களில் நடந்து விற்கிறவர். முட்டி வலிக்கு டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். 58 கிலோ, 150 சென்டிமீட்டர், 60 வயது: 1056.5 வந்தது. மாமா யோசிக்கவே இல்லை, 1.2-ஆல் பெருக்கினார். "வியாபாரம்தானே, அக்கா உக்காந்துதானே விக்குது?" 1268. அதில் 500 போக 768. கூடை சுமக்கிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 768 கலோரி. 200 கிராம் அரிசி பொங்கினாலே அது கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும். அதே ஐதராபாத் அட்டவணையில் உட்கார்ந்திருக்கும் 55 கிலோ பெண்ணுக்கே 1660, கடும் உழைப்புக்கு 2720. வயதுக்காக எவ்வளவு குறைத்தாலும் 768-க்கு வராது. பெரியம்மாவோ, தம்பி படித்தவன் என்று ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டார்.

இதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா, டாக்டர் பெரியம்மாவைக் கனம் தூக்க வேண்டாம் என்றும்தான் சொன்னார். அதை உங்கள் டயரியில் காணோம். பெரியம்மாவுக்கு ராத்திரிச் சோறு போடுங்கள். கூடை தூக்க ஓர் ஆள் வேண்டும், நடக்காமல் விற்க மார்க்கெட்டில் ஓர் இடம் வேண்டும். இடத்துக்கு யாரையாவது பார்ப்போம். ஆளுக்கு நீங்களே போகலாம், விடிகாலை முதல் பஸ்ஸுக்கு. ஒரு மாதம் அந்தக் கூடையைச் சுமந்துவிட்டு வாருங்கள், அப்புறம் 1.725 என்று எழுதினால் நான் வாயே திறக்க மாட்டேன்.