அண்ணாச்சி கடை தாங்குமா?

கேள்வி: தெருமுனையில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. எதிரே இருக்கும் அண்ணாச்சி கடை தாக்குப்பிடிக்குமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: பெரியதுதான் நிலைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை அம்மா. 1997-ல் சென்னையில் பிறந்த சுபிக்ஷா கடைச் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். எம்.ஆர்.பி.யைவிடக் குறைந்த விலை என்று சொல்லி, நாடெங்கும் சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்தது. எல்லாம் கடன் வாங்கி ஓடிய ஓட்டம். கையில் ரொக்கம் வற்றியதும் சரக்கு வரவில்லை, ஊழியருக்குச் சம்பளம் வரவில்லை. 2009-ல் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். அதே தெருக்களில் பல அண்ணாச்சி கடைகள் இன்றும் திறந்திருக்கின்றன.

டிமார்ட் சங்கிலியோ வேறு ரகம். கடைகள் பெரும்பாலும் சொந்த இடத்தில் என்பதால் வாடகைச் சுமை குறைவு. சரக்கு தந்தவருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கு உங்கள் பைக்கும் வருகிறது. சம்பளக் குடும்பத்துக்கு அது நிஜமான உதவி, மறுக்க மாட்டேன். ஆனால், அங்கே விற்கும் விலை சில பொருள்களில் அண்ணாச்சியின் கொள்முதல் விலையையே தொட்டுவிடுகிறது. அந்த மனிதர் எங்கே போவார்?

ஐந்து ரூபாய்க்குக் கடுகு, இருபதாம் தேதிக்கு மேல் நோட்டுக் கணக்கு, கொசுறாகக் கறிவேப்பிலை, இவையெல்லாம் பில் போடும் இயந்திரத்துக்குத் தெரியாது. எண்ணெயும் பருப்பும் அங்கே வாங்குங்கள். சோப்பும் டீத்தூளுமாவது ரொக்கம் கொடுத்து அண்ணாச்சியிடம் வாங்குங்கள். கடனுக்கு மட்டும் அவரிடம் போனால், அடுத்த மாதம் நோட்டு இருக்கும், கடை இருக்காது.