நாலு வீட்டுக் கார்

மேற்கு மாம்பலமோ நங்கநல்லூரோ, தெருவுக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். பாங்க்கிலோ இன்ஷூரன்ஸிலோ முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டையர் ஆனவர். அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய உருவம் ஒன்று செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கூரியர் பையன் அந்தக் கால்களிடமே "சார் இருக்காரா?" என்று கேட்பான். உள்ளேயிருந்து கிரீஸ் பூசிய கை ஒன்று வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறையும்.

தார்ப்பாய்க்குள் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. "என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். விலை அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். இரண்டும் வேறு வேறு தொகைகள்.

"எந்த வருஷ மாடல் சார்?" என்று கேளுங்கள். காபி வரும், கூடவே சரித்திரமும் வரும். இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்த உடம்பு. இங்கிலாந்தில் 1959-இல் பிறந்து 1961-இல் நம்ம ஊருக்கு வந்தது. வண்டலூர்ப் பக்கம்தான் தொழிற்சாலை. "நாலு கதவு வெச்ச ஹெரால்டு உலகத்துலயே நம்மகிட்ட மட்டும்தான் சார். வெள்ளைக்காரனுக்கே ரெண்டு கதவுதான்!" என்று நிமிர்வார். அந்த நாலில் இரண்டு அப்போது மாடிப்படிக்கு அடியில், பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டிருக்கும்.

ஹெரால்டுக்காரர்கள் உருவானதற்கு ஒரு வியாபாரச் சண்டைதான் காரணம். ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு இங்கிலாந்தில் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிப் போட்டுக்கொண்டது. மற்றவர்களெல்லாம் பாடியையும் சேஸிஸையும் ஒரே கூடாகச் செய்துகொண்டிருந்த காலத்தில், இவர்கள் வேறு வழியில்லாமல் தனிச் சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முறுக்கினார்கள். விளைவு, அறுபது வருஷம் கழித்து, மாம்பலத்தில் ஸ்பானர் செட் வைத்திருக்கும் எவரும் ஹெரால்டை வீட்டு வாசலிலேயே கடைசி போல்ட் வரைக்கும் பிரித்துவிடலாம். பிரித்தவர்கள் நிறைய. திரும்பச் சேர்த்தவர்களைப் பற்றிக் கேள்விப்படுவதோடு சரி.

அதிலும் இது அங்குலக் கணக்கு வண்டி. வீட்டில் இருக்கும் 13 மில்லிமீட்டர் ஸ்பானரை அரை அங்குல நட்டில் மாட்டிப் பார்த்தால் கச்சிதமாக உட்கார்ந்த மாதிரிதான் தோன்றும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த 0.3 மில்லிமீட்டர் சந்துக்குள்தான் நட்டின் மூலைகள் மழுங்குவதும், விரல் முட்டித் தோல் உரிவதும், முப்பது வருஷத்து பாங்க் நாகரிகம் பறந்துபோவதும் நடக்கின்றன. "ஏங்க, குழந்தை கேட்டுண்டிருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பேரன் அதற்குள் இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டிருப்பான்.

ஞாயிறு பத்து மணிக்கு ஜமா கூடும். மூவரும் ஹெரால்டுக்காரர்கள். முதலாமவர் ஒரிஜினல்காரர். வந்ததும் வராததுமாகக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இது அந்தக் காலத்து ஸ்க்ரூ இல்லையே சார்" என்று துக்கம் விசாரிப்பார். இரண்டாமவர் மாற்றுக் கட்சி. எந்த வண்டி உறுப்பும் எந்த வண்டிக்கும் சேரும் என்பது அவர் சித்தாந்தம். "டைனமோவைத் தூக்கிக் கடாசுங்க. மாருதி 800 ஆல்டர்னேட்டர் போட்டா ஜம்முனு லைட் எரியும்" என்பார். ஒரிஜினல்காரர் காதைப் பொத்திக்கொள்வார். மூன்றாமவர் எந்தக் கட்சியும் இல்லை, டார்ச் பிடிப்பார். வேலை நடக்கும் இடத்தில் வெளிச்சம் விழாது. யார் பேசுகிறாரோ அவர் மூஞ்சியில் விழும்.

மதியம் வரைக்கும் வாக்குவாதம் நடந்து வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போன பிறகு, புதுப்பேட்டையிலிருந்து பாய் வருவார். எழுபது வயசைத் தாண்டிய மெக்கானிக். முன்பக்கம் மொத்தமாக மடங்கித் திறக்கும் அந்த பானட்டைச் சாய்த்து, டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றுவார். "பாயிண்ட்டுல கைவெச்சது யாரு?" நாலு பேரும் ஆளுக்கொரு திசையில் பார்ப்பார்கள். அந்தப் பாயிண்ட் திறக்கும்போது இருக்கவேண்டிய இடைவெளி, ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறிட்டால் அதில் பதினைந்து. அதை அளக்க டார்ச்காரர் புதிதாக வாங்கிய ஃபீலர் கேஜை நீட்டுவார். பாய் அதைக் கண்டுகொள்ளாமல், "சார், உங்க விசிட்டிங் கார்டு ஒண்ணு குடுங்க" என்பார். ரிட்டையர் ஆனபோது மிச்சமான கார்டுகளில் ஒன்று, 'சீனியர் மேனேஜர்' என்ற எழுத்தோடு பாயிண்ட்டுக்கு நடுவில் போய் வெளியே வரும். ஸ்க்ரூவை ஒரு திருகு. சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்தக் கார்டுக்கு அத்தனை வருஷ சர்வீஸில் கிடைக்காத மரியாதை அன்றைக்குத்தான் கிடைக்கும்.

கம்பெனி எண்பதுகளின் கடைசியிலேயே கடையைக் கட்டிவிட்டது. புதுப்பேட்டைக் காயலாங்கடைகளைச் சல்லடை போட்டாலும் சில சாமான்கள் அகப்படுவதில்லை. ஆகவே ஒருவர் காரிலிருந்து இன்னொருவர் காருக்குப் போகும். இங்கே காசு கொடுப்பது அநாகரிகம். "உங்ககிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன!" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு ஒருவர் டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்றிக் கொடுப்பார். சொன்ன வாய் மூடுவதற்குள் அதே வசனத்தைச் சொல்லி இன்னொருவரின் ரேடியேட்டரைக் கழற்றி வருவார். இப்படியே போய், நாலு கார்களுக்கும் சேர்த்து நல்ல டிஸ்ட்ரிப்யூட்டர் ஒன்று, பெட்ரோல் பம்ப் ஒன்று, ஒழுகாத ரேடியேட்டர் ஒன்று என்று நிலைமை வந்து நிற்கிறது. எந்த நேரத்திலும் ஒரு கார்தான் ஓடும். ஓடும் கார், அக்கம்பக்கத்து நகையெல்லாம் இரவல் வாங்கிப் பூட்டிக்கொண்ட கல்யாணப் பெண் மாதிரி மினுக்கிக்கொண்டு போகும்.

இதில் இவர் எப்படி மாட்டிக்கொண்டார் என்று பாருங்கள். காரை விற்க முடியாது, அதில் பாதி மற்றவர்களுடையது. யாரிடமும் கோபித்துக்கொள்ள முடியாது, தன்னுடைய பாதி அவர்களிடம் இருக்கிறது. அரையடிச் சுவருக்காகக் கூடப்பிறந்த தம்பியிடம் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத மனுஷர், முன்பின் தெரியாத ஒருவர் போன் பண்ணி "நானும் ஹெரால்டுதான் சார்" என்றால், சொந்தக் காரின் கண்ணாடியைப் பெயர்த்துப் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறார். தம்பியும் புத்திசாலியாக ஒரு ஹெரால்டு வாங்கியிருக்கலாம்.

2021-இல் மத்திய அரசு இவர்களுக்கென்றே ஒரு விதி போட்டது. 50 வயசைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிகளுக்கு 'விஏ' எழுத்துப் போட்ட தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் ஆகியவற்றுக்காக ரோட்டில் எடுக்கலாம்; அன்றாடம் ஓட்டக் கூடாது. 'பெரிய மாற்றம்' என்றால் எவ்வளவு பெரிசு என்று ஒரிஜினல்காரரும் மாற்றுக் கட்சிக்காரரும் மோதிக்கொண்டார்கள். இவர் மனைவி பேப்பரைப் படித்துவிட்டு, "தினம் ஓட்டப்படாதாமே! கவர்ன்மென்ட்டுக்குத்தான் உங்க வண்டிமேல எவ்வளவு நம்பிக்கை!" என்றார்.

ராலியும் வந்தது. அன்றைக்கு முறை இவர் காருடையது. விடியற்காலையில் மூன்று வீட்டுச் சாமான்களும் வந்து சேர்ந்தன, சாமான்களோடு அவற்றின் சொந்தக்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். மைதானத்தில் நடுவர் நோட்டோடு வந்து, "இது யாருடைய கார்?" என்று கேட்டபோது நாலு கதவிலிருந்தும் "என்னோடது" என்று பதில் வந்தது. ஆர்.சி. புக் ஒன்றுதான் இவர் பக்கம் சாட்சி சொன்னது.

அடுத்த மாசம் மாற்றுக் கட்சிக்காரர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அவருடைய ஹெரால்டுதான். ராலி முடிந்த சாயங்காலமே பானட்டைத் திறந்து வேண்டியதையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். கடைசி நட்டை இவரே கழற்றிக் கொடுத்தார். அழைப்பன்று நாதஸ்வரம் முழங்க, ஊர் மொத்தமும் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் மட்டும் பானட் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டே கூட நடந்தார். மண்டப வாசலில் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர், "நீங்க பெண்ணுக்கு என்ன உறவு?" என்று விசாரித்தார்.

"டிஸ்ட்ரிப்யூட்டர் நம்மளது" என்றார்.